சின்னத் துப்பாக்கிக்கு எம்புட்டு அலப்பற!

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. அந்த லேப்டாப்ப மூடு. என்னலே அது, வரிசையாக் கட்டம் போட்டு வச்சிருக்க? எடைக்கு ஒரு கட்டம், நீளத்துக்கு ஒரு கட்டம், தோட்டா எத்தன, வெல எவ்வளவு, நட்சத்திரம் எத்தன. பொண்ணு பாக்கப் போனப்பக்கூட ஒங்கப்பன் இவ்வளவு கணக்குப் பாக்கலடே. வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தான், காப்பி குடிச்சான், சரின்னுட்டான்.

டெக்சாஸ்ல வீடு வாங்கியாச்சு. புல்லு வெட்டுத மிசின் வாங்கியாச்சு. பிக்கப் வண்டியும் வந்தாச்சு. அதுல இன்னைக்கு வரைக்கும் ஒரு மூட்டைகூட ஏறல. அடுத்தாப்புல என்ன? இடுப்புல சொருவ ஒரு குட்டித் துப்பாக்கி. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் வச்சிருக்கானாம், அதனால ஒனக்கும் வேணுமாம். வேண்டாம்னு நான் சொல்லல. பட்டாளத்துல ரைபிளத் தோள்ல போட்டுத் திரிஞ்சவன் நான். துப்பாக்கியப் பாத்தா எனக்குப் பயமும் கிடையாது, பக்தியும் கிடையாது. அது இரும்பு, அவ்வளவுதான். அத எடுக்கவன் மண்டைக்குள்ள என்ன இருக்குங்கதுதான் என் கேள்வி.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். ஒன் விசா என்னலே? முழிக்காத. எச்-1பி-யில இருக்கவன் துப்பாக்கி வச்சிருக்கவே கூடாதுன்னு அமெரிக்காவுல கூட்டாட்சிச் சட்டம் இருக்கு. வேட்டை லைசென்ஸ் எடுத்தவனுக்கு விலக்கு, அது இதுன்னு சிலது உண்டு. அத வக்கீல்கிட்ட கேளு, வீடியோவுல கேக்காத. கடையில 4473-ன்னு ஒரு பாரத்த நீட்டுவான். அதுல பொய் எழுதினா அதுவே தனிக் குத்தம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நீ பாத்த வீடியோவுல எவனாவது இதச் சொன்னானா? சொல்ல மாட்டான். அவனுக்கென்ன விசாவா, கிசாவா?

பச்சை அட்டை வந்துட்டுங்கியா? அப்பம் சரி, மேல பேசுவோம்.

2021 செப்டம்பர் ஒண்ணாந் தேதியில இருந்து டெக்சாஸ்ல 21 வயசு ஆனவன், சட்டம் தடுக்காதவன், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியக் கட்டிக்கிட்டு நடக்கலாம். லைசென்ஸ் வேண்டாம்னுதான் அந்தச் சட்டம் சொல்லுது. பழக வேண்டாம்னு சொல்லுதா? நம்மாளுகளுக்கு ரெண்டும் ஒண்ணாக் கேட்டுட்டு. அப்புறம், எங்க வேணாலும் போலாம்னும் சொல்லல. சாராயக் கடை வாசல்ல செவப்பு எழுத்துல 51 சதவீதம்னு ஒரு பலகை தொங்கும். வருமானத்துல பாதிக்கு மேல அங்க ஊத்திக் குடுக்கதுல இருந்து வருதுன்னு அர்த்தம். துப்பாக்கியோட அந்த வாசப்படி ஏறுனா குத்தம். பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போவக் கூடாது. புள்ளையக் கூட்டியாரப் போகையில இடுப்புல இருக்கது ஞாபகம் இருக்குமாடே ஒனக்கு? கார்ச் சாவியவே நாளெல்லாம் தேடுதவன் நீ.

ஞாபகம்னு சொன்னதும் ஒரு கணக்கச் சொல்லுதேன். 2023-ல மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனையில பயணிகள் கைப்பையில இருந்து எடுத்த துப்பாக்கி 6,737. அதுல நூத்துக்குத் தொண்ணூத்து மூணுல தோட்டா ஏத்தியே இருந்துச்சு. பிடிச்சுக் கேட்டா பாதிப்பேர் என்ன சொல்லுதான்? "பையில இருந்தத மறந்துட்டேன்." மறக்கதுக்கு அது என்ன பல்லு விளக்குத பிரஷ்ஷா? அந்த வருசம் அபராதம் 15,000 டாலர் பக்கம் வரைக்கும் போச்சு. பெரிய பெட்டிக்குள்ள, தோட்டாவ எடுத்துட்டு, கெட்டியான பூட்டுப் பெட்டியில வச்சு, கவுண்டர்ல சொல்லிட்டுப் போட்டா ஒரு வம்பும் இல்ல. சொல்லதுக்குத்தான் வாய் வரல.

சரி, இப்பம் ஒன் கட்டத்துக்கு வருவோம். நீ மொதல்ல எழுதி வச்சிருக்கது என்ன? ரூகர் எல்சிபி. 2008-ல வந்த சாமான். கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சட்டப்பையில போட்டாத் தெரியாது. கடையில கையில வாங்கின ஒடனே ஒனக்குச் சிரிப்பு வந்துருக்குமே, "ஐயோ, எவ்வளவு சின்னது, எவ்வளவு லேசு"ன்னு? சுட்டுப் பாத்தியா? இல்ல. அங்கதான் இருக்கு வேடிக்க. லேசா இருக்கது உதைக்கும்டே. எடை இருந்தாத்தான அது உதைய வாங்கிக்கும்? இல்லன்னா மொத்தமும் ஒங்கையிலதான் வந்து விழும். கைப்பிடி சின்னது, சுண்டு விரலுக்கு எடமே இல்லாம அந்தரத்துல தொங்கும். குழல் குட்டை, மேல இருக்க குறிமுள் கடுகத்தண்டி. குறி முடிமயிரளவு தப்பினா அங்க பலகையில ஒரு சாண் தள்ளிப் போயி விழும்.

கடைக்காரன் இதச் சொல்ல மாட்டான். "ஆரம்பக்காரனுக்குச் சின்னதுதான் சார் நல்லது"ன்னு தலைய ஆட்டுவான். நான் சொல்லுதேன், சின்னத் துப்பாக்கி கைதேர்ந்தவன் சாமான். பழகாதவன் கையில அது சத்தம் போடும், அவ்வளவுதான்.

அப்பம் பெருசா வாங்கணுமா? அதுவும் ஆவாது. பெருச வாங்குனவன் கத எனக்குத் தெரியும். மொத வாரம் இடுப்புல. ரெண்டாவது வாரம் கார்ல. மூணாவது வாரம் பீரோவுல, வேட்டிக்கு அடியில. வெயில் காலத்து டல்லாஸ் என்ன சூடுன்னு நானே பாத்துட்டேன். அந்தச் சூட்டுல ஒரு கிலோ இரும்ப மறைக்க மேல ஒரு கோட்டு வேற போடணுமாம். எவன் போடுவான்? இடுப்புல இல்லாத துப்பாக்கி வீட்டுல எவ்வளவு பெருசா இருந்து என்ன புண்ணியம்? ஆக, தூக்க முடிஞ்சது சுட வராது, சுட வாரது தூக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணத் தேடணும். சமாச்சாரம் இவ்வளவுதான். இதுக்கு ஒனக்கு இத்தன கட்டமாலே?

நடுவுல கெடக்கது என்னென்ன? ஸ்மித் அண்டு வெஸ்சன் அஞ்சு குண்டு ரிவால்வர் ஒண்ணு. அந்தச் சைஸ்ல 1950-ல இருந்தே போடுதான். லேசான உலோகத்துல செஞ்சது 400 கிராமுக்குச் சில்லற. ட்ரிகர் கனமா இருக்கும், இழுத்துப் பழவணும். ஆனா சிக்காது, சிணுங்காது. எங்க காலத்து ஆளுகளுக்கு அது பிடிக்கும். அப்புறம் 2018-ல சிக் கம்பெனி பி365-ன்னு ஒண்ண எறக்குனான். அரைக் கிலோதான், நம்ம உள்ளங்கையில அடங்கும், மேகசினுக்குள்ள பத்து தோட்டா நிக்கும். அதுவரைக்கும் அந்தச் சைஸ்ல ஆறோ ஏழோதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. மத்த கம்பெனிக்காரன் எல்லாம் எந்திரிச்சு ஓடி வந்து அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சான். ஒரு கெட்டிக்காரத்தனம் அதுல இருக்கு, ஒத்துக்கிடுதேன்.

இன்னொரு சண்ட உண்டு, தோட்டா சைஸ் சண்ட. ஒருத்தன் ஒம்பது எம்எம்-ங்கான். இன்னொருத்தன் .45-க்குக் கொறஞ்சது பொம்பளப் புள்ளைகளுக்குங்கான். வாய் மட்டும் பெரிய கேலிபர். எப்பிஐ-காரனுக 1986-ல மயாமியில ரெண்டு பேரப் பறிகொடுத்த சண்டைக்கு அப்புறம் ஒம்பத விட்டுட்டுப் பத்து எம்எம்முக்குப் போனான், அது கைக்கு ஜாஸ்தியா இருக்குன்னு .40-ங்க சைஸுக்கு வந்தான், சுத்திச் சுத்திப் பத்து வருசம் முன்னால திரும்பவும் ஒம்பதுக்கே வந்துட்டான். அவனே ஊர் சுத்தி வீட்டுக்கு வந்தாச்சு, நீ எதுக்குலே தெருவுல நின்னு சண்ட போடுத? கொழந்த உள்ளங்கை மாதிரி இருக்குலே ஒன் கை. ஒனக்கு ஒம்பது போதும்.

ஒன் பொண்டாட்டிக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கியே, ரோஸ் கலர்ல. அவகிட்ட கேட்டியா? ரொம்பச் சின்ன துப்பாக்கியில ஸ்பிரிங் வெறைப்பா இருக்கும், ஸ்லைட இழுக்கதுக்குள்ள கட்டவெரல் கன்னிப் போவும். லேசா இழுக்க வாரதுன்னே செஞ்ச சாமானும் இருக்கு. அது அவ எடுத்துப் பாத்து அவளே சொல்ல வேண்டியது. நீ என்னத்துக்குலே கலர் பாக்க? சேலையா எடுக்கப் போற?

இப்பம் வா, அலப்பறைக்கு. ஒரு நாள் மளிகைச் சாமான் வாங்கப் போன எடத்துல ஒருத்தனப் பாத்தேன். தொப்பியில துப்பாக்கிக் கம்பெனி பேரு. பனியன்ல துப்பாக்கிப் படம். வண்டிக் கண்ணாடியில ஸ்டிக்கர். மேலுக்கு ஒரு மீன்பிடி சட்ட, பட்டனத் தொறந்து போட்டிருந்தான். கேட்டா மறைச்சுக் கட்டியிருக்கானாம்! யாருகிட்ட மறைக்கான்? எழுதப் படிக்கத் தெரியாதவன்கிட்டயா? இடுப்புல லேசர் வச்ச துப்பாக்கி, கூடுதல் மேகசின் ரெண்டு, டார்ச்சு ஒண்ணு, மடக்குக் கத்தி ஒண்ணு. வாங்க வந்தது ஒரு கேன் பாலு. மூஞ்சூறு தான் போவ வழியக் காணுமாம், வௌக்குமாத்தையும் கவ்விக்கிட்டுப் போச்சாம்.

இத்தனைக்கும் காசு இருக்கு, உறைக்கு மட்டும் ஒனக்குக் கை வராது. ஹோல்ஸ்டர் எதுக்குத் தாத்தா, அப்படியே பேண்ட்டுல சொருவிக்கிடலாமேங்க. கேட்டுக்க. நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர் பிளாக்சிகோ பர்ரஸ்னு ஒருத்தர். 2008 பிப்ரவரியில சூப்பர் பவுல்ல ஜெயிக்குத பந்தப் பிடிச்சவரு. நாடே தூக்கி வச்சு ஆடுச்சு. அதே வருசம் நவம்பர்ல மன்ஹாட்டன்ல ஒரு ராத்திரி விடுதிக்குப் போறாரு. தொளதொள பேண்ட்டு. இடுப்புல க்ளாக் துப்பாக்கி. உறை கிடையாது. அது நழுவிக் கால் வழியா எறங்குது, இவரு எட்டிப் பிடிக்காரு, டமார். சொந்தத் தொடையிலேயே குண்டு. அந்த ஊர்ல லைசென்ஸும் இல்ல. ரெண்டு வருசம் செயில் தண்டன. பறந்து வார பந்த அந்தரத்துல பிடிக்குத கை அது! அந்தக் கையே பிடிக்கக் கூடாத எடத்தப் பிடிச்சிருச்சே. நீ பால் பாக்கெட்டையே கீழ போடுதவன்.

அதனால மொத செலவு உறைக்கு. ட்ரிகர முழுசா மூடணும். கெட்டியா இருக்கணும். பைக்குள்ள போடுதியா, அதுக்கும் தனி உறை. அந்தப் பையில சாவி, சில்லற, பபிள்கம் ஒண்ணும் கெடக்கக் கூடாது. நல்ல கெட்டி பெல்ட் ஒண்ணு. வேட்டி கட்டுத நாள்ல துப்பாக்கி வேண்டாம், கேட்டியா? விழும்போது பிடிக்கவும் கூடாது. விழுந்தா விழட்டும். இப்பத்த துப்பாக்கி கீழ விழுந்தா பெரும்பாலும் வெடிக்காது, நீ பாஞ்சு பிடிக்கப் போயி வெரலு ட்ரிகர்ல பட்டாத்தான் வெடிக்கும்.

இதுவரைக்கும் சிரிச்சுப் பேசுனேன். இது சிரிக்கதுக்கு இல்ல. 2014 டிசம்பர்ல ஐடஹோவுல ஒரு கடையில, ஒரு தாயாரு கைப்பைக்குள்ள வச்சிருந்த துப்பாக்கிய ரெண்டு வயசுப் புள்ள எடுத்துருச்சு. வெடிச்சதுல தாயாரு செத்துப் போனா. துப்பாக்கி வைக்கதுக்குன்னே தனிப் பை வச்சுத் தச்ச கைப்பை அது. ஒன் வீட்டுலயும் ஒண்ணு தவந்துக்கிட்டுத் திரியுதுல்லா? இடுப்புல இருந்து கழட்டுனா நேரா பூட்டுப் பெட்டிக்குப் போவணும். மேசைக்கு இல்ல, தலகாணிக்கு அடியில இல்ல, பிரிட்ஜ் மேல இல்ல. இன்னொரு கணக்கும் காதுல போட்டுக்க. 2021-ல அந்த நாட்டுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேரு. அதுல 26,328 பேரு தானே சுட்டுக்கிட்டவங்க. திருடன் வருவான் திருடன் வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கோம். வீட்டுல எவனாவது மனசு ஒடஞ்சு கெடந்தான்னா அன்னைக்கே அத வீட்ட விட்டு வெளிய அனுப்பு, நம்பிக்கையான எடத்துல குடுத்து வை.

கடைசியா ஒன் கோவத்தப் பத்தி. ரோட்டுல எவனோ குறுக்க வந்ததுக்கு நேத்து ஆரன அமுக்குன அமுக்கு எனக்குக் காது வலிச்சுட்டு. இடுப்புல இரும்பு இருக்கவனுக்கு அந்த ஆரன் கூடாதுடே. தோத்துட்டு வரத் தெரியணும். "மன்னிச்சுக்கோ தம்பி, என் தப்பு"ன்னு தப்பே இல்லாட்டியும் சொல்லிட்டு வண்டிய ஓரங்கட்டத் தெரியணும். குடிச்ச அன்னைக்கு அத எடுக்கவே கூடாது. இந்த ரெண்டும் முடியாதுன்னா, சொல்லிரு, எந்தக் கட்டமும் போட வேண்டாம்.

முடியுமா? அப்பம் இந்த ஞாயித்துக்கெழம சுட்டுப் பழகுத ரேஞ்சுக்குப் போ. வாடகைக்குக் குடுப்பான். சின்னது, நடு, ரிவால்வர், மூணையும் எடு. சொல்லிக் குடுக்குத ஆள ஒரு மணி நேரத்துக்குப் பேசிக்க. ஒவ்வொண்ணுலயும் அம்பது ரவுண்டு போடு. எது ஒங்கையில நிக்கோ, எதுல ஏழடி தள்ளி இருக்க தட்டுல தோட்டா ஒழுங்கா விழுதோ, அத வாங்கு. பேரு, கலரு, நட்சத்திரம் எல்லாம் கெடக்கட்டும். மூணும் கையில நிக்கலையா, வாங்காத. வாசலுக்கு நல்ல பூட்டு ஒண்ணு போடு, ராத்திரி வெளக்க எரிய விடு, போன் பக்கத்துல இருக்கட்டும்.