அரக்கு காயட்டும், மருமவனே

வாடே மருமவனே, உக்காரு. பட்டணத்து வீட்டுல லேத்து வாங்கிப் போட்டிருக்கியாமே. நீ கடைஞ்ச கிண்ணத்தை உங்க அத்தை காட்டுனா. கடைசல் ஒண்ணும் பழுதில்ல. பூச்சுலதான் உன் கட்டைவிரல் ரேகை அச்சா விழுந்து கெடக்கு. ஆதார் அட்டைக்கா பூசுன?

அவலரக்கை ஸ்பிரிட்டுல எப்பம் ஊறப்போட்ட? போன தீவாளிக்கா! இப்பம் ஆடி பொறந்தாச்சு. கரைச்ச அரக்குக்கு ஆறு மாசந்தான் ஆயுசுன்னு வை. அதுக்கு மேல போனா காயாம பிசுபிசுக்கும். பூசுறதுக்கு முந்தி கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு விடு. மறுநாளும் நகம் பதிஞ்சா, பாசம் பாக்காம கொட்டிரு.

லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 125 கிராம் அவலரக்கு போதும்டே. நீ அரைக்கிலோ தட்டியிருப்ப. பாயாசமா காய்ச்சுத? தண்ணி மாதிரி இருக்கணும். ஒரு கை பூசு, காயவிடு, நைசு உப்புத்தாளால லேசா தேய்ச்சுட்டு அடுத்த கை பூசு. ஓடுற லேத்துல துணியை விரல்ல சுத்திக்கிட்டு மட்டும் போயிராத. விரலையும் சேத்துக் கடைஞ்சிரும். காகிதம்னா இழுத்தாலும் கிழிஞ்சிட்டுப் போவும்.

நம்ம அம்பாசமுத்திரத்து மரச்செப்பு வச்சு நீயும் சோறு பொங்கி வெளையாண்டவந்தானே. அதுக்கு ஏது ஸ்பிரிட்டு? சாயம் போட்ட அரக்குக் குச்சியைச் சுத்துற மரத்துல அழுத்திப் பிடிப்பாங்க. உரசுற சூட்டுலயே அரக்கு இளகி மரத்துல ஏறிக்கும். பொறவு தாழை மடலை வச்சுத் தேய்ச்சா, மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கலாம். அதுக்குக் கைப்பழக்கம் வேணும். வீடியோ பாத்து வராது.

அடைமழைக்குள்ள பூசாத, ஈரத்துக்கு அரக்கு வெளுத்துப் பூத்துரும். பூசி முடிச்ச பொறவும் அது மேல சுடு காப்பி டம்ளரை வைக்காத, வளையம் விழும். அரக்கு சூடு தாங்காதுங்கது துரியோதனனுக்கே தெரிஞ்ச சங்கதி, இஞ்சினியருக்குத் தெரியலன்னா எப்படி?

மெழுகுக்கு அவசரப்படாத. அரக்கு ஒரு வாரம் கெட்டிப்படட்டும். தேன்மெழுகு 63 டிகிரி வாக்குல உருகிரும், நேரா தீயில காட்டாம சுடுதண்ணிக்குள்ள சட்டியை வச்சு உருக்கு. அடுப்பை அணைச்சு, சட்டியை வெளிய கொண்டுபோன பொறவுதான் டர்பன்டைன் ஊத்தணும். இல்லன்னா கிண்ணத்துக்கு முன்னால உன் மீசை பளபளக்கும். கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி அப்பிராத. தொட்டுத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, பழைய பனியன் துணியால துடைச்சு எடுத்துரணும். மினுக்கம் துடைக்கிறதுலதான் வரும்.

ஒண்ணு மறந்துட்டேன். உருக்குறதுக்குச் சட்டி உன் காசுல தனியா வாங்கிக்க. போன மாசம் நான் எடுத்த பால்சட்டியை உங்க அத்தை இன்னும் தேடிக்கிட்டிருக்கா.