1860-இல் ஸ்னூக்கரா?

கேள்வி: "ஊட்டி கிளப் ஸ்னூக்கர் கியூ, 1860, அசல் பழம்பொருள்" என்று ஆன்லைனில் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: ஸ்னூக்கர் பிறந்ததே 1875-இல், ஜபல்பூரில். நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரியின் உபயம். ஊட்டி கிளப் சுவரில் விதிகள் ஏறியது அதற்கும் பிறகுதான். பிள்ளை பிறக்கப் பதினைந்து வருஷம் இருக்கும்போதே விற்பனையாளர் தொட்டில் கட்டிவிட்டார்!

"அப்போது பில்லியர்ட்ஸ் ஆடினார்களே" என்று அவர் மடக்கலாம். நியாயம்தான். அடிப்பாகத்தில் இருக்கும் பெயர்த் தகட்டை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஸ்டார் ஸ்க்ரூ தெரிந்தால் உஷார்: அது சந்தைக்கு வந்ததே 1930-களில். மரம் நுனிமுதல் அடிவரை ஒரே சீராகக் கறுத்திருந்தாலும் சந்தேகப்படலாம். நிஜப் பழசில் கைபட்ட இடம் ஒரு நிறம், படாத இடம் வேறு நிறம்.

இந்த விஷயத்தில் ஹாலிவுட்டும் சளைத்ததல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் பலபுஷ்கா செய்த பூல் கியூக்களுக்கு ஏக கிராக்கி. அவர் 1975-இல் மறைந்தார். 1986-இல் வெளியான 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்பட்டது உண்மையில் ஜாஸ் நிறுவனத்தின் கியூ. கதாநாயகனுக்கு மட்டுமா, கியூவுக்கும் டூப்!

பணம் அனுப்பும் முன், விழுப்புரம் ஜங்ஷனுக்கு கியூவோடு நேரில் வரச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால், அதே பணத்தில் புது கியூ வாங்கி ஆடப் பழகலாம்.