நாற்பத்தைந்தா, ஒன்பதா: இரண்டரை மில்லிமீட்டர்ப் பூசல் குறித்து ஓர் ஆய்வு

நள்ளிரவில் கொல்லைப்புறக் கதவு கிறீச்சிட்டால், அமெரிக்கக் குடும்பத்தலைவரின் கைத்துப்பாக்கியில் எந்தத் தோட்டா இருக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் பொருள். இதில் இரு மரபுகள் உள. ஒன்று அங்குலத்தில் அளக்கும் .45 மரபு, மற்றது 9 எம்.எம். மரபு. குண்டின் குறுக்களவில் இவற்றுக்குள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டு ஏறிய நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

மூத்த மரபின் வேர் பிலிப்பைன்ஸில் உள்ளது. .38 தோட்டா பட்ட பிறகும் அங்குள்ள மோரோ வீரர்கள் வாளோடு பாய்ந்து வருகிறார்கள் என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். எனவே 1904இல் தாம்சன் என்ற படை அதிகாரியும் லகார்ட் என்ற மருத்துவரும் சிகாகோ மாட்டுத்தொட்டிக்குப் போய் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தனர். பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகின்றன என்றும் குறித்துக்கொண்டனர். .45க்குக் குறையலாகாது என்பது அவர்கள் முடிபு. மாடு வீடு புகுந்து திருடியதற்குச் சான்றில்லை என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை 1911இல் படை ஏற்றது. 1985இல் அதை ஓரங்கட்டி 9 எம்.எம். பெரெட்டாவை எடுத்துக்கொண்டது.

மறு ஆண்டே மயாமியில் ஒரு துப்பாக்கிச் சண்டை. கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 எம்.எம். குண்டு, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான், எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் மாண்டனர். பழி குண்டின்மேல் விழுந்தது. அன்று தொட்டு, தசைக்குப் பதில் ஜெலட்டினைச் சுட்டுப் பார்க்கும் யுகம். பத்து விழுக்காட்டுக் கரைசலை உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து, அதற்கு டீ-ஷர்ட் துணி, சட்டைத் துணி, ஜீன்ஸ் துணி எல்லாம் போர்த்திச் சுடுவார்கள். குண்டு 12 முதல் 18 அங்குலத்துக்குள் நின்றால் தேர்ச்சி. நல்ல குடும்பத்து ஜெலட்டின். வெற்றுடம்போடு வெளியே வராது போலும்.

நுனியில் குழியுள்ள குண்டு பட்டதும் விரியும். வீட்டுக்காவலுக்கு அதையே பரிந்துரைப்பர். விரியும் குண்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ஊர், கொல்கத்தாவை அடுத்த டம்டம். போரில் அது ஆகாது என 1899இல் ஹேக் மாநாடு விலக்கியது. பகைநாட்டானுக்கு ஆகாதது திருடனுக்கு ஆகும் என்க.

இடையில் 10 எம்.எம்., பிறகு .40 என்று அலைந்த எஃப்.பி.ஐ., 2014இல் எழுதிய குறிப்பில் 9 எம்.எம்.முக்கே திரும்பியது. உதைப்பு குறைவு, கூடுதல் தோட்டா கொள்ளும், குறி தப்புவதும் குறைவு என்பன காரணங்கள். அதே குறிப்பில் இன்னொன்றும் உண்டு: உண்மைச் சண்டையில் காவலர் சுடும் பத்தில் ஏழெட்டுக் குண்டுகள் குறி தவறுகின்றன. பயிற்சி பெற்றவர் நிலையே இது என்றால், தூக்கக் கலக்கத்தில் கண்ணாடியைத் தேடும் குடும்பத்தலைவரின் நிலையை விரிக்க வேண்டியதில்லை.

ஆக, இரு மரபாரின் குண்டும் பெரும்பாலும் சந்திக்கப்போவது சுவரைத்தான். அமெரிக்க வீட்டின் உட்சுவர் பொதுவாக அரை அங்குல ஜிப்சம் பலகைகள் இரண்டு, நடுவே வெற்றிடம். திருடனை நிறுத்த வல்ல எந்தக் குண்டையும் அது நிறுத்தாது. தோட்டா வாங்கப் போகிறவர்கள், அந்தச் சுவருக்கு அப்பால் யார் கட்டில் கிடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுப் போகவும்.