வீட்டிலேயே கார் கட்டுகிறவர்

வீட்டிலேயே கார் கட்டுகிறவர் பெரும்பாலும் இங்கிலாந்தில் காணப்படும் இனம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கராஜுக்குள் பாதி காரை வைத்துக்கொண்டு, ஓடுகிற காரை மழையில் நிறுத்தியிருப்பதைக் கொண்டு இவரை அடையாளம் காணலாம். கணக்காளர், பல் மருத்துவர், பள்ளி ஆசிரியர் என்று உத்தியோகம் எதுவாகவும் இருக்கும். மெக்கானிக்குகள் மட்டும் இவ்வினத்தில் அபூர்வம். அவர்களுக்கு விஷயம் தெரியும்.

இனத்தின் மூலபுருஷர் காலின் சாப்மன். அவருடைய லோட்டஸ் செவன் கார் 1957இல் வந்தது. முழுக் காராக வாங்கினால் வரி; உதிரியாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆங்கிலேயன் ஸ்பேனரைக் கையில் எடுத்தது இந்த லாபத்துக்காகத்தான். 1973இல் வரி முறை மாறி லாபம் போயிற்று, பழக்கம் போகவில்லை. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் நிறுவனம் செவனின் உரிமையை வாங்கி, இன்றுவரை பெட்டி பெட்டியாக விற்றுவருகிறது. பெட்டி வாங்கவும் வசதியில்லாதவர்களுக்காக 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் வழியைப் புத்தகமாக எழுதினார். ஓர் அங்குலச் சதுரக் குழாயை வெட்டி வெல்டு வைத்தால் சேசிஸ்; மற்றவை பழைய போர்டு எஸ்கார்ட்டிலிருந்து. மனைவியிடம் சொல்லும் தொகையாக அந்த 250 பவுண்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சேசிஸ், எஞ்சின் வரைக்கும் இவர்கள் எல்லோரும் ஒரே அச்சு. ஆள் யாரென்று தெரிவது பிரேக்கிலும் வயரிங்கிலும்தான். முன்னதில் இன்னொருவர் துணையில்லாமல் காரியம் நடக்காது. பின்னதில் இவர் எவரையும் நம்புவதில்லை.

பிரேக் குழாய் செம்பும் நிக்கலும் கலந்தது. வெளிவிட்டம் 3/16 அங்குலம். அளந்து, வெட்டி, சேசிஸின் வளைவுக்கேற்ப வளைத்து, நுனியைக் கருவியில் பிடித்து விரித்து மடக்க வேண்டும். மடக்கு கோணலானால் ஆயில் கசியும். இவர் பொறுமையாக, கோணலே இல்லாமல் மடக்குவார். மடக்கி முடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்த பிறகுதான், குழாயில் முதலிலேயே கோத்திருக்க வேண்டிய நட்டு மேஜைமேல் இருப்பது கண்ணில் படும். மடக்கிய நுனி வழியாக நட்டு ஏறாது. வெட்டிவிட்டு மறுபடி மடக்கினால் குழாய் அரை அங்குலம் குட்டை. எந்தக் கராஜிலும் மூலையில் ஒரு கட்டுக் குட்டைக் குழாய்கள் கிடப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது ஏர் எடுப்பது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் மிதிக்கிற விசை சக்கரத்துக்குப் போகாமல் குமிழை அமுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் மெத்தென்று இறங்கும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது சம்பிரதாயம். இவர் காருக்கடியில் ஸ்பேனரோடும் ஜாம் பாட்டிலோடும் படுத்திருக்க, மனைவி சீட்டில் உட்கார்ந்திருப்பார்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடிச்சுக்கோ... சரி, இப்போ விடு."

"எப்பவோ விட்டுட்டேனே!"

சக்கரத்தில் ஏர் வெளியேறும் திருகை மூடுவதற்குமுன் பெடலை விட்டால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். நான்கு சக்கரமும் முதலிலிருந்து. தாம்பத்தியத்துக்கு இது எப்பேர்ப்பட்ட சோதனை என்பதைப் பிரேக் புத்தகம் எதுவும் சொல்வதில்லை.

பிரேக் ஆயிலிலும் இவருடைய சுபாவம் தெரியும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155. ஆகவே திறந்த டப்பாவை வைத்துக்கொள்ளக் கூடாது. இவர் வைத்துக்கொள்வார், பாதிக்குமேல் இருக்கிறதே! சிந்தினால் பெயின்ட்டையும் அது தின்றுவிடும். சிந்தும் இடம் அநேகமாகப் புதிதாகப் பெயின்ட் அடித்த இடமாக இருக்கும்.

வயரிங் சாப்பாட்டு மேஜையில் நடக்கும். இடியாப்பம் பிழிந்ததுபோல் வயர் பரவிக் கிடக்கிற அந்த நாட்களில் குடும்பம் சமையலறையில் நின்றபடி சாப்பிடும். பழைய பிரிட்டிஷ் கார்களில் நிறங்களுக்கு ஒழுங்கு உண்டு: பாட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவி போட்டால் உயிர் பெறுவது வெள்ளை, அதிலிருந்து பியூஸ் வழியாகப் போவது பச்சை, எர்த் கறுப்பு. இவர் இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பார். ஆனால் தள்ளுபடியில் கிடைத்தது சிவப்பு என்பதால் கார் முழுக்கச் சிவப்பு வயரே ஓடும். எது எங்கே போகிறது என்ற படம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கும், சில வாரங்களுக்கு.

பிறகு சாவியைத் திருப்புவார். இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டர் மினுங்கும். பல்பை மாற்றுவார், ரிலேயை மாற்றுவார், சுவிட்சைப் பிரித்துப் பார்ப்பார். குற்றவாளி எர்த். இரும்பு உடம்புள்ள காரில் மின்சாரம் அந்த உடம்பு வழியாகவே பாட்டரிக்குத் திரும்பிவிடும். இவர் காரின் மட்கார்டு பைபர்கிளாஸ். அதன் வழியே திரும்ப முடியாது. தனியாக எர்த் வயர் இழுக்காவிட்டால், பக்கத்துப் பல்பின் இழை வழியே மின்சாரம் வழி தேடும். எர்த் இழுத்தவர்களும் தப்புவதில்லை. ஆசையாக அடித்த பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். சுரண்டினால் சரியாகிவிடும். சுரண்ட மனம் வராது.

கடைசியாக அரசுப் பரிசோதனை. தனியாகக் கட்டிய வண்டிகளுக்கு 1998இல் வந்த இந்தச் சோதனை 2009இல் இன்னும் கடுமையாயிற்று. பின்சக்கரம் முன்சக்கரத்துக்குமுன் பூட்டிக்கொள்ளக் கூடாது. பிரேக் ஆயில் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். இரவெல்லாம் தூங்காமல் போனவர் இவற்றில் தேறிவிடுவார். மூடியில்லாத ஒரு போல்ட்டின் முனை கூர்மை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தக் கட்டத்தில் பலருக்குக் கை ஓய்ந்து, "90 சதவீதம் முடிந்தது, வயரிங் மட்டும் பாக்கி" என்று விளம்பரம் கொடுப்பார்கள். வாங்க நினைப்பவர்கள் விளம்பரதாரரின் மனைவி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. எந்தச் சக்கரத்தில் இன்னும் ஏர் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.