காதுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

திருவண்ணாமலை வாசகர்: இளையராஜா பாட்டு கேட்க என் கம்ப்யூட்டருக்கு எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம்?

ஸ்பீக்கரை வாங்குங்கள்! பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகட்டும். மதர்போர்டில் ஏற்கெனவே இருக்கும் ஒலிவசதியே பலருக்குப் போதும். 'உஸ்...' என்று இரைச்சல் கேட்டால் மட்டும் யூ.எஸ்.பி.யில் சொருகும் சின்ன டி.ஏ.சி. (டிஜிட்டலை ஒலிக்கான மின்அலையாக மாற்றும் கருவி) ஒன்றை வாங்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்இரைச்சலுக்கு வெளியே அது தள்ளி உட்கார்ந்திருக்கும்.

192 கிலோஹெர்ட்ஸ் கார்டு என்றால் இன்னும் துல்லியமாகக் கேட்குமாமே?

யாருக்கு, கோபுரத்து வௌவாலுக்கா? மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு கடையை மூடிவிடும். கார்டின் 192 என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை மாதிரி எடுக்கிறது என்ற கணக்கு; கேட்கும் உச்ச அதிர்வைப் போல இரு மடங்குக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று சி.டி.க்கு வைத்தது அதனால்தான்.

அப்படியானால் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு ஏன் அவ்வளவு பெயர்?

1989-இல் அது வந்தபோது, பெரும்பாலான பி.சி.க்களுக்கு 'பீப்' மட்டும்தான் தெரியும். ஊமைக்குக் குரல் கொடுத்தவர்களை ஊர் மறக்குமா? கொடுத்தது சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம்.

எல்லாம் வாங்கியும் மார்கழியில் திருவெம்பாவை மனதில் நிற்கவில்லையே?

மாணிக்கவாசகர் அதைப் பாடியது உங்கள் ஊரில்தான் என்பது மரபு. அவரிடம் எந்த கார்டு இருந்தது?

ஃபேனை நிறுத்துங்கள், போனைத் தள்ளி வையுங்கள், கண்ணை மூடுங்கள். கருவி இசையைக் காதுவரைதான் கொண்டுவரும். அங்கிருந்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவர் நீங்கள்.