அஸ்தமன மேற்பார்வையாளர்

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருவர் இருப்பார். ஊர் சுற்றப் போன இடத்தில் அவர் எதையும் பார்க்க மாட்டார். மற்றவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று பார்ப்பார். தாஜ்மகாலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "எல்லாரும் பாத்தாச்சா?" என்று தலை எண்ணுகிறவர் அவர்தான். குற்றாலத்தில் தலை நனையாமல் திரும்பி வந்தவரும் அவர்தான். எட்டு பேருடைய செருப்பு, கைக்கடிகாரம், பல்செட்டு எல்லாவற்றுக்கும் காவல் இருந்திருப்பார்.

பெரும்பாலும் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருக்கும். அலுவலகத்தில் ஐம்பது பேரை மேய்த்த மனிதர். வீட்டில் மேய்க்க ஆளில்லை. மனைவி என்றைக்குமே மேய்ச்சலுக்கு வந்ததில்லை. அதனால் சொந்தபந்தங்களைத் திரட்டி வருஷத்துக்கு ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்கிறார். மலையாக இருந்தால் ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்து போய்விடுவார்கள். கடற்கரையிலும் அதே கதைதான். ஆனால் படகு என்று ஒன்று இருக்கிறதே! ஒரு மணி நேரம் யாரும் இறங்க முடியாது. இவருடைய கலை முழு வீச்சில் வெளிப்படுவதைப் பார்க்க வேண்டுமானால் கோவாவுக்குப் போய், பணஜியில் மாண்டவி ஆற்று மாலைப் படகில், இவருக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார வேண்டும். பக்கத்தில் உட்காரக் கூடாது. உங்களையும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டுவிடுவார்.

நான் பார்த்தவர் திருச்சிக்காரர். வேளாங்கண்ணிக்கும் வாஸ்கோவுக்கும் இடையே வாரம் ஒருமுறை ஓடும் ரயிலில் வந்திருந்தார்கள். கோவாக் கிறிஸ்தவர்கள் மாதாவைப் பார்க்க நம் ஊருக்கு வருவதற்கென்றே விட்ட மாதிரி இருக்கும் ரயில் அது. பக்தி கிழக்கே போகிறது, அதே பெட்டியில் பீச் ஆசை மேற்கே வருகிறது. நம்மவரோடு மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன், மச்சினன் குடும்பம், மாப்பிள்ளையின் பெற்றோர். சம்பந்தி வந்திருப்பதால் நம்மவரின் பொறுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. சம்பந்தி ரசிக்காமல் திரும்பிவிட்டால் அது மரியாதைக் குறைவு அல்லவா?

மாலைப் படகு புறப்படும் சாந்தா மோனிகா படகுத்துறை மாண்டவிப் பாலத்துக்கு அடியிலேயே இருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே நம்மவர் வேலையைத் தொடங்கிவிட்டார். அண்ணாந்து பார்த்து, "இங்க இருந்த பழைய பாலம் 1986-ல அப்படியே ஆத்துல விழுந்துருச்சு, சம்பந்தி" என்றார். சம்பந்தியம்மாள் புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டார். "இது புதுசு. அந்தா, கம்பி கட்டித் தொங்குது பாருங்க, அது அதைவிடப் புதுசு, அடல் சேது, 2019. பயமே வேணாம்." அதுவரை யாருக்கும் பயம் இல்லை.

இடம் பிடிப்பதில் அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. முதல் நாள் இரவே வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்திருக்கிறார். டிசம்பரில் சூரியன் நேர் மேற்கில் விழாது, தென்மேற்காகச் சாயும். படகு கடலை நோக்கிப் போகும். ஆகவே போகும்போது இடது பக்கம். மேல்தளத்தில் ஏறிய மறுகணம் இடது ஓரத்து நாற்காலிகளில் துண்டு, தண்ணீர் பாட்டில், மகளின் துப்பட்டா, மருந்துப்பை என்று வரிசையாக விழுந்தன. மச்சினன் மட்டும், "அத்தான், டான்ஸ் மேடை அந்தப் பக்கம் இருக்கே" என்று சொல்லிப் பார்த்தார்.

"மேடை எங்கயும் ஓடாதுடா. சூரியன் ஓடும்."

கணக்கு சரிதான். ஆனால் ஆறு வரைபடத்தைப் படித்துவிட்டு ஓடுவதில்லையே. மாண்டவி வளைகிறது. படகோட்டியும் எதிரே வரும் இன்னொரு உல்லாசப் படகுக்காக ஒதுங்குகிறார், நங்கூரமிட்டு நிற்கும் சூதாட்டக் கப்பல்களைச் சுற்றிக்கொண்டு போகிறார். சூரியன் சிறிது நேரம் இடது பக்கம், அப்புறம் நேர் எதிரே, அப்புறம் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால். அது நகர்ந்தபோதெல்லாம் நம்மவர் குடும்பத்தையும் நகர்த்தினார். "எந்திரி, எந்திரி, இந்தப் பக்கம் வந்துருச்சு." நாற்காலிகளை இழுக்கும் சத்தம் டிரம்ஸுக்குத் தோதாகவே இருந்தது.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. நேரடி இசை என்றால் பாடுகிறவர் நேரடி, கீபோர்டு வாசிப்பவர் நேரடி. டிரம்ஸ், வயலின், பின்னணிக் குரல்கள் எல்லாம் ஏற்கெனவே பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். குறை சொல்லவில்லை. நம் ஊர்க் கல்யாணக் கச்சேரிகளும் இன்று அப்படித்தான். ஆட்டக்காரர்கள் நிஜமாகவே ஆடுகிறார்கள். பெண்கள் வட்டமாகச் சுற்றி, வாயால் காற்றை ஊதித் தாளம் போட்டு ஆடும் ஃபுக்டி. போர்ச்சுக்கலிலிருந்து வந்த கொர்ரிதின்யோ, அதில் ஜோடிகள் பம்பரமாகச் சுழல்கிறார்கள். ஃபுக்டி தொடங்கியதுமே நம்மவர் சம்பந்தியின் காதருகே குனிந்து, "நம்ம கும்மிதான்" என்றார். கொர்ரிதின்யோ வந்தது. "இதுவும் கும்மி மாதிரிதான், ஆனா ஆம்பளைங்களும் உண்டு." எதையும் விளக்காமல் விடுவது அவருக்கு உடம்புக்கு ஆகாது.

பிறகு ஒரு பழைய கொங்கணிப் பாட்டு எடுத்தார்கள். கார்லோஸ் எயூஜெனியோ ஃபெரேரா இயற்றியது, தெக்ணி என்ற ஆடிப்பாடும் வகை. 1895-இல் பாரிஸில் அச்சேறியது. நடனமாடும் பெண் ஒருத்தி, அக்கரையில் தாமுவின் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று படகோட்டியைக் கெஞ்சுகிறாள். ஒவ்வொரு நகையாகக் கழற்றித் தருகிறேன் என்கிறாள். அவன் ஒவ்வொன்றையும் வேண்டாம் வேண்டாம் என்கிறான். 1973-இல் 'பாபி' படத்தில் இந்த மெட்டு நுழைந்ததும் இந்தியாவே பாடியது. அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்த சம்பந்தி நிமிர்ந்தார். "இது பாபி பாட்டுல்ல!" கல்லூரிக் காலத்தில் ஒரே படத்தைப் பலமுறை பார்த்த தலைமுறை அது. அவர் முகம் கனிந்தது, கண் மூடிக்கொண்டது, விரல் தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

நம்மவருக்குப் பதறிவிட்டது. "சம்பந்தி, கண்ணைத் திறங்க. அங்க பாருங்க, ரெய்ஸ் மாகோஸ் கோட்டை, 1551!"

பாட்டின் பொருளைப் பக்கத்திலிருந்த ஒருவர் இந்தியில் சொல்ல, மாப்பிள்ளை அதைத் தமிழாக்கினார். நம்மவர் அக்கறையோடு கேட்டார். "நகையெல்லாம் வேணாங்கிறானா? அப்ப டிக்கெட் எவ்வளவு கேட்டான்?"

பணஜியில் பழைய தலைமைச் செயலகத்துக்கு அருகே ஒரு சிலை இருக்கிறது. அங்கி அணிந்த பாதிரியார் ஒருவர் இரு கைகளையும் விரித்து நீட்டியிருக்கிறார். அவர் முன்னால் ஒரு பெண் மயங்கிச் சாய்கிறாள். முதன்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கொலைக் காட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் அபே ஃபாரியா. 1756-இல் கோவாவின் காந்தோலிமில் பிறந்து, பாரிஸுக்குப் போய் மனோவசியத்தைச் செய்துகாட்டியவர். மயக்குகிறவரின் உடம்பிலிருந்து ஏதோ காந்த சக்தி பாய்கிறது என்று மற்றவர்கள் நம்பிய காலத்தில், அதெல்லாம் இல்லை, மயங்குகிறவரின் மனசுதான் மயங்குகிறது, வெளியிலிருந்து ஒரு சொல் போதும் என்று சொன்னவர். நம்மவர் மேல்தளத்தின் நடுவில் நின்று இரு கைகளையும் நீட்டி, "நல்லா பாருங்க! என்ஜாய் பண்ணுங்க!" என்று ஆணையிட்டபோது எனக்கு அந்தச் சிலைதான் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம். ஃபாரியா தூங்கு என்றதும் ஆட்கள் தூங்கினார்கள். இவர் ரசி என்றதும், அதுவரை ரசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

அறிவிப்பாளர் மேடையேறினார். இந்தப் படகுகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் குழந்தைகளை மேடைக்கு அழைப்பார்கள், பிறகு ஜோடிகளை, பெண்களை, ஆண்களை. ஆளுக்கொரு பாட்டு. குழந்தைகள் முறை வந்ததும் நம்மவர் பேரனை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி மேடையில் நட்டார். "ஆடு, கண்ணு, ஸ்கூல்ல ஆடுனியே, அதே மாதிரி!" பையன் அரை நிமிடம் நின்றான், பிறகு அழுதான். அவன் அழுவதும் வீடியோவில் பதிவாயிற்று.

"சென்னை சே கோன் ஹை?" என்றார் அறிவிப்பாளர். நம்மவர் எழுந்து, "திருச்சி! திருச்சி!" என்று கத்தினார். "ஓ, சென்னை!" என்று மகிழ்ந்த அறிவிப்பாளர் தமிழர்களுக்கென்றே ஒரு பாட்டு வைத்திருப்பதாகச் சொல்லி 'லுங்கி டான்ஸ்' போட்டார். முழு இந்திப் பாட்டு. ஆனாலும் ரஜினி பெயர் காதில் விழுந்ததும் மச்சினன் பாய்ந்து மேடையேறிவிட்டார். ஜோடிகள் முறையில் மகளையும் மாப்பிள்ளையையும் தள்ளியாயிற்று. பெண்கள் முறை வந்தது. சம்பந்தியம்மாள் தானாகவே போனார். பாலம் விழுந்த கதையைக் கேட்டு நடுங்கியவர், கோலாப்பூர்க்காரப் பெண்கள் நால்வரோடு கைகோத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் கொண்டை அவிழ்ந்தது. பாட்டு முடிந்தும் இறங்கவில்லை.

ஆண்கள் முறை வந்தது. மொத்தக் குடும்பமும் நம்மவரைப் பார்த்தது.

"அத்தான், வாங்க!"

"மாமா, ஒரே ஒரு ஸ்டெப்!"

நம்மவர் மடியில் இருந்த பைகளைக் காட்டினார். மூன்று கைப்பை, ஒரு முதுகுப்பை, மருந்துப்பை, தட்டை முறுக்கு அடைத்த தூக்குப்பை. "இதையெல்லாம் யார் பாத்துக்கிறது?" ஒரு மணி நேரம் யாரும் இறங்கிப் போக முடியாத படகில், நடு ஆற்றில், திருடன் எங்கே ஓடுவான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "நீந்துவான்" என்றிருப்பார்.

இதற்குள் சூரியன் அடிவானத்தைத் தொட்டுவிட்டது. தொட்டதிலிருந்து முழுசாக மறைய நம் பக்கங்களில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். மொத்தப் பயணத்தில் காசு கொடுத்தது அந்த இரண்டு நிமிடத்துக்கு. ஆறும் அரபிக்கடலும் கலக்கிற இடத்தில், வடக்கே அகுவாதா கோட்டை கறுத்துக்கொண்டிருக்க, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். படகே ஒரு கணம் பேச்சை நிறுத்தியது. நம்மவர் அப்போது எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தலை குறைந்தது. பேரனைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு ஓடினார். பேரன் சமோசா விற்கும் மேசைக்கு முன்னால், அழுத கண்ணோடு, திருப்தியாக நின்றுகொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து மேற்கே கை நீட்டி, "பாரு, பாரு, சூரியன்!" என்றார். அங்கே சூரியன் இல்லை.

மாப்பிள்ளை பொறியாளர். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "விடுங்க மாமா. நாங்களும் ஒண்ணும் பெருசாப் பாத்துடல. அடிவானத்தைத் தொடுற மாதிரி தெரியும்போதே சூரியன் உண்மையில கீழ போயிருக்கும். காத்துல ஒளி வளையுறதால மேல இருக்கிற மாதிரி தெரியும்."

நம்மவர் மாப்பிள்ளையையே பார்த்தார். "அப்ப இவ்வளவு நேரம் நான் காட்டினது எதை?"

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. சூதாட்டக் கப்பல்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு கல்யாண வீடாக மின்னின. "அந்தப் பக்கம் யாரும் பாக்காதீங்க" என்றார். இரண்டு நிமிடம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "உள்ள போக எவ்வளவு வாங்குறான்?" என்று மச்சினனிடம் விசாரித்தார். மனைவி இதற்குள் தூங்கிப்போயிருந்தார். இத்தனை ஆண்டு அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த வழி அது. தூங்குகிறவரை ரசிக்கச் சொல்ல முடியாது. படகு கரையைத் தொட்டதும் விழித்து, "நீங்க பாத்தீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். "நான் எப்ப வேணாலும் பாத்துக்குவேன், நீ பாத்தியா?" என்றார் இவர்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. விடுதிக்குப் பக்கத்து டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பணஜியிலிருந்து எதிர்க்கரை பெத்திமுக்கு அரசாங்கத்தின் பெரிய தட்டைப் படகு ஒன்று போய் வந்துகொண்டே இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்குக் கட்டணமே கிடையாது. அதே ஆறு. அதே தண்ணீர்.

"சும்மாவா?" என்றார் நம்மவர். முதலில் கோபம் வந்தது, பிறகு மகிழ்ச்சி, கடைசியில் கடமை. பத்து நிமிடத்தில் மொத்தக் குடும்பமும் படகுத்துறையில் நின்றது. மேடை இல்லை, அறிவிப்பாளர் இல்லை. ஸ்கூட்டர்களும், காய்கறிக் கூடைகளும், வேலைக்குப் போகிறவர்களும். சரிவுப் பலகை இறங்கியதும் அத்தனையும் ஏறின. அக்கரை போனார்கள். திரும்பினார்கள். இலவசம் என்பதால் இன்னொரு முறை போனார்கள். சம்பந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாபி பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டு வந்தார். இந்த முறை அவரை யாரும் கூப்பிடவில்லை. ஏனென்றால் நம்மவர் பலகையோரம் நின்று ஸ்கூட்டர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "நீங்க முன்னாடி. நீங்க கொஞ்சம் இடது. அம்மா, கூடைய ஓரமா வைங்க." படகு ஊழியர் ஒருமுறை விசிலடித்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

பெத்திம் கரையில், படகு நிரம்பியதால் ஏற முடியாமல் நின்ற ஒரு ஸ்கூட்டர்காரர், நம்மவரிடம் கொங்கணியில் ஏதோ கேட்டார். நம்மவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார்.

"அடுத்தது அஞ்சு நிமிஷத்துல வரும்" என்றார் தமிழில். "வரிசையில நில்லுங்க."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்துப் போய் வரிசையில் நின்றார்.