இரண்டும் கெட்டான் எழுதும் விண்ணப்பம்

அனுப்புநர்:
அனெக்ஸ் என்கிற ஒட்டுவீடு,
புதுப்பித்து விற்பனைக்கு நிற்கும் பெரிய வீட்டின் பின்புறம்,
காட்ஸ்வோல்ட்ஸ் கிராமம் ஒன்று, இங்கிலாந்து.

பெறுநர்:
வரி வகுக்கும் பெருமக்கள்,
வைட்ஹால், லண்டன்.

பொருள்: அடியேன் வீடா, இல்லையா எனத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

நான் பிறப்பால் குதிரை லாயம். பிறகு கார் ஷெட் ஆனேன். முன்வீட்டுக்காரர் தம் தாயாரை அழைத்துவந்தபோது ஒரு படுக்கையறை, குளியலறை, கையகலச் சமையலறை சேர்ந்தன. தேன்நிறக் கற்சுவர் மட்டும் பழசு. பாட்டி காலமாகிவிட்டார். இப்போது எல்லாமாகச் சேர்த்து 9 லட்சம் பவுண்டுக்கு விலைபேசுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் என்னைக் காட்டி, "இது என்ன?" என்கிறார்கள். எனக்கே தெரியாததால் உங்களைக் கேட்கிறேன்.

புதுப்பித்தபோது கொத்தனார் முதல் குழாய்க்காரர் வரை பில்லில் 20 சதவீதம் வாட் வரி. வயல்வெளியில் புதுவீடு எழுப்பினால் அந்த வரி சுழியம். பழசைக் காப்பாற்றினால் தண்டம், வயலைத் தின்றால் சலுகை! பழைய கிராமங்களின் அழகில் உங்களுக்கு எவ்வளவு அக்கறை!

சமையலறை வந்ததும் கவுன்சில் வரிக்கு நான் தனி வீடானேன். 1991 ஏப்ரல் 1 அன்று எனக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அன்று என்னுள் இருந்தவை ஒரு பழைய காரும் இரண்டு எலிகளும். இங்கிலாந்தின் எல்லா வீடுகளுக்கும் இன்றுவரை அந்த ஒரு நாள் விலைதான் கணக்கு. முட்டாள்கள் தினமாகப் பார்த்து நாள் குறித்த பெருந்தகை யாரோ!

பாட்டி 65 வயதைத் தாண்டிய தாயார் என்பதால் வரி இல்லை. பிறகு பேரன் குடிவந்தான். குடும்பத்தவன் என்பதால், 2014-ல் வந்த சலுகைப்படி, பாதி வரி. ஆக, என் வரி என் நீள அகலத்தில் இல்லை. உள்ளே படுப்பவரின் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது.

'சரி, நான் தனி வீடுதான்' என்று நெஞ்சை நிமிர்த்தினால், கட்டட அனுமதித் தாள் தலையில் குட்டுகிறது: முன்வீட்டுக்குத் துணையாக மட்டுமே இருக்க வேண்டும், தனியே விற்கவோ வெளியாருக்கு வாடகைக்கு விடவோ கூடாது. வரி கேட்கும்போது தனிக்குடித்தனம். வாடகை கேட்டால் கூட்டுக்குடும்பம்!

முத்திரைத் தீர்வையில்தான் எங்கள் குலம் கொடிகட்டிப் பறந்தது. 2024 மே முடியும்வரை, இரண்டு வீடுகளைச் சேர்த்து வாங்கினால் சராசரி விலைக்குத் தீர்வை கட்டலாம். அன்றைய விகிதப்படி 9 லட்சத்துக்கு 32,500 பவுண்டு. என்னையும் ஒரு வீடு என்று நிரூபித்தால் 20,000. அவ்வளவுதான், பாத்திரம் கழுவும் தொட்டி இருந்த அறையெல்லாம் வீடு என்று வழக்குக்குக் கிளம்பின. நடுவில் கதவு இல்லாத குற்றத்துக்காக எங்கள் உறவினர் ஒருவர் 2021-ல் தீர்ப்பாயத்தில் தோற்றார். குலப்பெருமை தாழ்ப்பாளில் தொங்கிய காலம் அது. பிறகு சலுகையையே எடுத்துவிட்டீர்கள்.

இரண்டாம் வீடு வாங்குவோருக்கு 2016-ல் கூடுதல் தீர்வை வந்தபோது நடுங்கினேன். மொத்த விலையில் என் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாதவரை என்னைக் கண்டுகொள்ளமாட்டோம் என்றீர்கள். தாண்டினால் மொத்த விலைக்கும் கூடுதல். 2024 அக்டோபர் முதல் அது 5 சதவீதம். அன்று முதல், யாரும் என்னை அழகு என்று சொல்லிவிடக் கூடாதே என்று ஒடுங்கி நிற்கிறேன்.

நேற்று வீட்டு முகவர் ஒரு தம்பதியை அழைத்துவந்தார். "இது வீடா?" என்றார் அந்த அம்மாள்.

"மாமியார் இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"அப்படியானால் வீடு."

"தனி வரி வருமா?" என்றார் கணவர்.

"அப்படியானால் உடற்பயிற்சி அறை."

என் சமையலறையின் மின்னடுப்பு இரண்டு திருகாணியில் கழன்றுவிடும். எந்தத் துறை அதிகாரி வரும் நாளில் அதை மாட்ட வேண்டும், யார் வரும் நாளில் கழற்ற வேண்டும் என்று ஒரு கால அட்டவணை அனுப்பிவைத்தால், அதன்படி வீடாகவோ வீடல்லாமலோ இருக்கச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அனெக்ஸ்.

இணைப்பு: அடியேனே.